பேட்டரியைக் கழற்றினால் மட்டும் போதாது

2025 செப்டம்பர் 23 அதிகாலை கொல்கத்தாவில் கொட்டித் தீர்த்த மழையில், டாக்குரியாவை ஒட்டிய ஜோத்பூர் பார்க்கில் மட்டும் 285 மில்லிமீட்டர் பதிவானது. அப்படியொரு வெள்ளத்தில் தெருவோரக் காருக்குள் தண்ணீர் புகுந்தால், முதல் வேலையாக சீட்டுகளைக் கழற்றி, அடியில் ஊறிக் கிடக்கும் கார்ப்பெட்டை உருவிக் காயப்போடுவார்கள். சீட்டின் போல்ட்டுகளைக் கழற்றிச் சாய்த்தால், பல கார்களில் அடியில் ஒரு மஞ்சள் கனெக்டர் தெரியும். பக்கவாட்டு ஏர்பேக்குக்கோ, மோதலின்போது சீட் பெல்ட்டை இறுக்கும் கருவிக்கோ போகிற ஒயர் அது. அவற்றை இயக்குவது நொடியில் எரிந்து வாயுவாகும் மருந்து. அந்தக் கனெக்டரில் கைவைக்கும் முன் பேட்டரியைக் கழற்றுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, காத்திருப்பது.

ஏன் காத்திருக்க வேண்டும்? நேருக்கு நேர் மோதலில் முதலில் நசுங்குவது காரின் முன்பகுதி. பெரும்பாலான கார்களில் பேட்டரி இருப்பதும் அங்கேதான். அதன் இணைப்பு அறுந்துபோனாலும் பை விரிந்தாக வேண்டும் என்பதால், ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு கெபாசிட்டர் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. பயணியின் உயிரைக் காக்க வைத்த அந்தச் சேமிப்பே, பழுதுபார்ப்பவருக்கு ஆபத்தாகிறது. அது வடியும் நேரம் காருக்குக் கார் மாறும். டொயோட்டாவின் கையேடுகள் 90 விநாடி என்கின்றன, ஹோண்டாவுடையவை 3 நிமிடம் என்கின்றன. ஆகவே இக்னிஷனை அணைத்து, நெகடிவ் முனையைக் கழற்றி, அது மறுபடி உரசாதபடி ஒதுக்கி வைத்து, அந்த மாடலுக்குச் சொல்லப்பட்ட நேரம் கழிந்த பிறகே மஞ்சள் கனெக்டரைத் தொட வேண்டும். ரேடியோவின் மெமரி அழியக் கூடாதென்று வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துவைப்பது இந்தக் காத்திருப்பையே வீணாக்கிவிடும். ஏர்பேக்கின் ஒயரில் மல்டிமீட்டரை வைத்து ஓம் பார்ப்பதும் கூடவே கூடாது. மருந்தைப் பற்றவைக்கச் சிறிய மின்னோட்டமே போதும்.

‘இத்தனை வருஷமாக வேலை பார்க்கிறோம், ஒன்றும் ஆனதில்லையே’ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்தியாவில் புதிய கார்கள் அனைத்திலும் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலை 1 முதல்தான். பக்கத்து சீட்டுக்கு அதற்கும் இரண்டாண்டு பிந்தியே வந்தது. பழைய அனுபவத்தில் பெரும்பகுதி ஏர்பேக்கே இல்லாத கார்களில் கிடைத்தது. விரியும் பைக்குத் தேவை சுமார் 30 மில்லிவிநாடி. ஸ்டீயரிங்கின் மேல் குனிந்திருப்பவர் முகத்தைத் திருப்பக்கூட அவகாசம் இருக்காது.

‘கழற்றியதைச் சரியாக மாட்டாவிட்டால் கார்க்காரருக்கு அல்லவா ஆபத்து’ என்பது இன்னும் கனமான ஆட்சேபம். அதற்குப் பதில் டாஷ்போர்டில் இருக்கிறது. கனெக்டர்களை மாட்டி, கடைசியாக பேட்டரியை இணைத்து, பைக்கு எட்டத் தள்ளியிருந்து இக்னிஷனைப் போட்டால், ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் மோதலில் பை விரியாமலே போகலாம். விளக்கு எரியவே இல்லையென்றால் அதைவிடக் கவலைப்பட வேண்டும்: விளக்கே பழுதாகியிருக்கலாம், அல்லது கோளாறு தெரியக் கூடாதென்று யாரோ அதைத் துண்டித்திருக்கலாம். வண்டியைத் திரும்ப வாங்குபவர் சாவியைத் தானே திருப்பி இதைப் பார்த்துவிட வேண்டும்.