அஞ்சடியில் சேற்றுத் தடம்

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் மாலை மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. செம்பனை மரங்களுக்கு மேலே வானம் கறுக்கும். சற்று நேரத்தில் கால்வாய்கள் நிரம்பிவிடும். அப்படிப்பட்ட மாலையில் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். கொடியில் காய்ந்த துணிகளை அம்மா அரக்கப்பரக்க அள்ளிவந்து அஞ்சடி நாற்காலியில் போடுகிறார். வேலை முடிந்து வந்த அப்பா தேநீரோடு உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்துக் கால்வாயில் இறங்கி ஆட்டம் போட்ட நாய் ஓடி வருகிறது. வாசலிலேயே உதறிவிட்டு உள்ளே வரலாம்தான். ஆனால், அது நேராக நடுவில் வந்து நின்று தலைமுதல் வால்வரை ஓர் உதறு உதறுகிறது. துணியிலும் சுவரிலும் தேநீரிலும் சேறு! அம்மா துடைப்பத்தைத் தேடுகிறார். பிள்ளைகள் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். நாயோ, ஏதோ நல்ல காரியம் செய்துவிட்டதைப்போல் வாலை ஆட்டுகிறது.

அதன் கணக்கில் அது நல்ல காரியம்தான். உரோமம் நனைந்தால் உடல் வெப்பம் விரைவாக வெளியேறும். நனைந்த உரோமத்தை உடல் சூட்டிலேயே உலர்த்துவதென்றால் உண்ட உணவின் ஆற்றலில் கணிசமான பங்கு வீணாகும். அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஹுவும் அவருடைய குழுவினரும் சுண்டெலி முதல் கரடி வரை பல விலங்குகள் ஈரத்தை உதறும் விதத்தை அதிவேகப் படக்கருவியால் பதிவு செய்து, 2012ஆம் ஆண்டில் தங்கள் ஆய்வை வெளியிட்டனர். ஒரு நாய் நொடிக்கு ஏறத்தாழ நான்கைந்து முறை உடலைச் சுழற்றி உதறுகிறது. சில நொடிகளில் உரோமத்திலுள்ள நீரில் சுமார் 70 விழுக்காடு தெறித்துப் போய்விடுகிறது. உருவம் சிறுத்தால் வேகம் கூட வேண்டும். சுண்டெலி நொடிக்கு 30 முறை வரை உதறுகிறது. நாயின் தோல் தொளதொளவென்று இருப்பதும் இதற்குத் துணை செய்கிறது. முதுகெலும்பு திரும்பும் அளவைவிடத் தோல் அதிக தூரம் வீசிச் சுழல்வதால் நீர்த்துளிகள் பிடிப்பை இழந்து சிதறுகின்றன. சலவை இயந்திரம் துணியைச் சுழற்றிப் பிழிவதும் இதே அடிப்படையில்தான்.

நாய் நீர் அருந்தும்போதும் கிண்ணத்தைச் சுற்றிக் குளம் கட்டிவிடும். பூனை குடித்த இடத்திலோ ஒரு துளியும் சிந்தியிருக்காது. இது வளர்ப்பில் வந்த வேறுபாடன்று. பூனை நாக்கின் நுனியால் நீரின் மேற்பரப்பைத் தொட்டவுடன் சட்டென மேலே இழுக்கிறது. நாக்கோடு ஒட்டி ஒரு மெல்லிய நீர்த்தூண் எழும்புகிறது. அது கீழே விழுவதற்குள் பூனை வாயை மூடிக்கொள்கிறது. நொடிக்கு நான்கு முறை இது நிகழ்கிறது. ரோமன் ஸ்டாக்கர் என்னும் அறிஞர் காலை உணவின்போது தம் வீட்டுப் பூனை நீர் குடிப்பதைக் கவனித்ததே இந்த ஆய்வுக்கு வித்திட்டது. அதன் முடிவுகள் 2010இல் வெளிவந்தன. நாய் அத்தனை நளினம் பார்ப்பதில்லை. நாக்கைப் பின்புறமாக மடக்கி நீருக்குள் அடித்து, வேகமாக மேலே இழுக்கிறது. அதன் நாக்கு நீரில் மோதும் பரப்பு பெரிது; தெறிப்பும் பெரிது. கிண்ணத்தின் அடியில் ஒரு பழைய துணியை விரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பூனை துப்புரவானது என்று சொல்லிவிட்டால் காலையில் கதவைத் திறப்பவர்கள் சண்டைக்கு வரக்கூடும். கால்மிதியில் ஓர் எலி கிடக்கும்; சில நாள் பாதி எலி மட்டுமே கிடக்கும். வட சிலாங்கூரில் எலிகளுக்குப் பஞ்சமில்லை. பத்தாங் பெர்ஜுந்தை என்று முன்பு அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகேதான், 1917ஆம் ஆண்டில், ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதன் பெயர் தென்னமாரம் தோட்டம். பெயரைக் கேட்டால் நமக்குத் தென்னைதான் நினைவுக்கு வருகிறது, வளர்ந்ததோ செம்பனை! காலப்போக்கில் பால்மரங்கள் நின்ற இடங்களையும் செம்பனை பிடித்துக்கொண்டது. எண்ணெய் நிறைந்த அதன் பழங்கள் எலிகளுக்கு விருந்து. அதனால்தான் தோட்டங்களில் கம்பங்களின்மீது பெட்டிகள் அமைத்துக் கூகைகளைக் குடியேற்றுகிறார்கள்.

கூகை பிடித்த எலியைத் தன் குஞ்சுகளுக்குக் கொண்டுபோகிறது. பூனை தன் எலியைப் பாதுகாப்பான இடத்திற்குக் கொண்டுவருகிறது. அந்தப் பாதுகாப்பான இடம் நம் வீடு. தாய்ப்பூனை குட்டிகளுக்கு இரை கொண்டுவந்து வேட்டை பழக்குவதும் உண்டு. மனிதனும் பூனையும் ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மேற்காசியாவில் நட்பானதே எலியால்தான். தானியக் குதிர்களைத் தேடி எலிகள் வந்தன. எலிகளைத் தேடிப் பூனைகள் வந்தன. பிறகு அவை திரும்பிப் போகவில்லை.

ஆயினும், இந்தப் பரிசை வெறுங்கையால் எடுத்து எறியக்கூடாது. எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சல் உயிருக்கே உலை வைக்கக்கூடியது. கையுறை அல்லது நெகிழிப்பை கொண்டு எடுத்துப் புதைத்துவிட்டு, இடத்தைக் கிருமிநாசினியால் கழுவ வேண்டும். பூனைக்கும் ஆபத்து உண்டு. தோட்டங்களில் எலிகளைக் கொல்ல வைக்கப்படும் நஞ்சில் ஒரு வகை, இரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்லும். நஞ்சுண்ட எலி உடனே சாகாது, தள்ளாடித் திரியும். அதைப் பிடிப்பது பூனைக்கு மிக எளிது. பூனையின் ஈறு வெளிறினாலோ, மூக்கில் இரத்தம் கசிந்தாலோ, காரணமின்றிச் சோர்ந்து படுத்தாலோ, அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். இதற்கு முறிவாக வைட்டமின் கே தரப்படுகிறது. காலம் தாழ்ந்தால் பயன் தராது. எனவே, கால்மிதியில் கிடக்கும் எலியைக் கண்டு முகம் சுளிப்பதற்கு முன் பூனையை ஒரு முறை உற்றுப் பார்ப்பது நல்லது.

கோழியைச் செல்லப்பிராணி என்று சொல்லலாமா என்று நகரத்துப் பிள்ளைகள் கேட்கலாம். தோட்டத்தில் பெயர் வைத்து அழைக்கப்படும் கோழிகள் உண்டு. அவற்றைக் குழம்பில் போட யாருக்கும் மனம் வராது. அந்தக் கோழிதான் பாட்டியின் கறிவேப்பிலைச் செடிக்கு எமன். செடியின் தூரில் குழி பறித்து, உலர்ந்த மண்ணைச் சிறகுகளுக்குள் வாரி இறைத்து, கண்ணை மூடிக்கொண்டு புரளும். இது கோழியின் குளியல். மண்துகள் இறகிலுள்ள மிகுதியான எண்ணெய்ப் பசையை உறிஞ்சுகிறது, பேன்களையும் உதிர்க்கிறது. மண்ணே இல்லாத கம்பிக் கூண்டில் அடைத்தாலும் கோழி இந்த அசைவுகளை விடுவதில்லை. வெறுங்கம்பியின்மேல் மண்குளியல் நடிக்கிறது! ஓர் அகன்ற தட்டில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து வைத்தால் கறிவேப்பிலை பிழைக்கும்.

பூனை நாற்காலியைப் பிறாண்டுவதும் வம்புக்காக அன்று. நகத்தின் தேய்ந்த மேலுறையைக் கழற்றவும், பாதத்திலுள்ள சுரப்பிகளின் மணத்தைப் பதிக்கவும் அது பிறாண்டுகிறது. கோணிச்சாக்கு சுற்றிய பலகை ஒன்று போதும்.

வரிசை வீட்டில் இவையெல்லாம் பெரிய தொல்லையாக இருந்ததில்லை. மண்தரையும் திறந்த வெளியும் சேற்றை ஏற்றுக்கொண்டன. தோட்டங்கள் விற்கப்பட்டு, குடும்பங்கள் மாடி வீடுகளுக்கும் நெருக்கமான வரிசைத் தாமான்களுக்கும் குடிபெயர்ந்தபோதுதான் சிக்கல் முளைத்தது. பளிங்குத் தரையில் ஒரு பாதத் தடம்கூடப் பளிச்சென்று தெரிகிறது. நாய்க்கு ஊராட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். அண்டை வீட்டாரின் பொறுமையும் வேண்டும். சாமான்களை லாரியில் ஏற்றியவர்கள் நாயை மட்டும் காலி வீட்டின் வாசலில் விட்டுச் சென்றதுண்டு. பூட்டிய கதவின்முன் அது காத்துக் கிடக்கும்.

மலேசியாவின் விலங்குகள் நலச் சட்டம் 2015, விலங்கை வளர்ப்பவருக்குச் சில கடமைகளை விதிக்கிறது. தகுந்த உணவு, இடம், நோயிலிருந்தும் வலியிலிருந்தும் பாதுகாப்பு ஆகியவற்றோடு, விலங்கு தன் இயல்பான நடத்தையை வெளிப்படுத்த வாய்ப்பும் அதில் அடங்கும். மண்ணில் புரள்வதும், பிறாண்டுவதும், உதறுவதும் அந்த இயல்புகள்தாம். விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

புதிய வீட்டுக்கு நாயையும் கூட்டிவந்த குடும்பங்கள் தமக்கென ஓர் ஏற்பாட்டைக் கண்டுபிடித்துக்கொள்கின்றன. வாசல் கேட்டின் ஓரம் ஒரு வாளித் தண்ணீர், பழைய துவாலை, கோணிச்சாக்கு. மழையில் வந்த நாயை அங்கேயே நிறுத்திக் கால்களைக் கழுவித் துடைத்து, உதறும்வரை பொறுத்திருந்து, பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். அது அடக்க ஒடுக்கமாக நடந்து நடுக்கூடத்துக்கு வருகிறது. எல்லாரும் இருக்கிறார்களா என்று ஒரு முறை பார்க்கிறது. பிறகு, மிச்சமிருக்கும் ஈரத்தை அங்கே உதறுகிறது.