பொருந்துமுகங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ராயகிரியினின்றும் சங்கரன்கோவில் வழியாகக் கயத்தாறு செல்வார் காற்றாலைகள் பலவற்றைக் காண்பர். அவற்றின் எஃகுக் கோபுரம் ஒரே துண்டன்று. குழல் போன்ற பகுதிகளை ஒன்றன்மேலொன்றாக நிறுத்தி, அவற்றின் விளிம்பு வளையங்களை மரையாணிகளால் இறுக்கியமைப்பர். அக்கோபுரம் காற்றைத் தாங்குமோ என்பதைக் கட்டுமுன்னரே கணிப்பொறியில் ஆராய்வது இக்காலப் பொறியியலார் வழக்கம். அவ்வாராய்ச்சிக்கு முற்படச் செய்யவேண்டுவதொன்றை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

ஆராயும் பொருளைக் கணிப்பொறியிற் சிறுசிறு கூறுகளாகப் பகுப்பர். இம்முறைக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரை 1960ஆம் ஆண்டில் இட்டவர் ரே கிளஃப் என்னும் அமெரிக்கப் பேராசிரியர். கூறுகளின் தொகுதியே மெஷ் என்னும் வலைப்பின்னல். கூறுகள் கணுக்களிற் கூடும். விசையும் கணுக்களின் வழியே ஒரு கூற்றினின்று மற்றொன்றிற்குச் செல்லும்.

இரண்டு உறுப்புகள் நம் கண்ணுக்கு ஒட்டியிருப்பினும், கணிப்பொறிக்கு அவை தனித்தனிப் பொருள்களே. வரைபடத்தில் அவற்றினிடையே நுண்ணிய இடைவெளி இருத்தல் கூடும். ஒன்றனுள் மற்றொன்று சிறிது புகுந்திருத்தலும் கூடும். முதற்கண் இக்குறைகளைக் களைதல் வேண்டும். பின்னர்ச் சிறிய முகத்தின் எல்லைக்கோட்டைப் பெரிய முகத்தின்மேற் பதித்து, இரண்டும் தொடும் பகுதியைத் தனியே பிரித்தல் வேண்டும். அப்பொழுதே இருபுறத்துக் கணுக்களும் நேருக்குநேர் அமையும். விலையின்றிக் கிடைக்கும் ஜிமெஷ், சலோமி முதலிய மென்பொருள்களிலும் இதற்கு வழியுண்டு.

இனி, அம்முகங்களை ஒன்றாக்குவதா, இரண்டாகவே வைப்பதா என்பது வினா. குழலும் வளையமும் பற்றவைப்பால் இணைந்தவை. அவற்றிற்குப் பொதுமுகம் ஒன்றே போதும். மரையாணியால் இறுகிய இரு வளையங்களோ அத்தன்மையன அல்ல. அவை ஒன்றையொன்று அழுத்தும். பலமாக இழுக்கப்படின் விலகும். ஆதலின் அவற்றை இரு முகங்களாகவே வைத்து, அழுத்தத்தைக் கடத்தி இழுவிசையைக் கடத்தாத தொடர்பைக் குறித்தல் வேண்டும். அறியாது ஒன்றாக்கிவிடின், மரையாணி தாங்கவேண்டிய இழுவிசையில் ஒரு பங்கை இல்லாத ஒட்டே தாங்குவதாகக் கணக்கு வரும். மெலிந்த ஆணியும் வலியதாகத் தோன்றும். வண்ணப்படம் அழகாகவே இருக்கும், கோபுரத்திற்கே கேடு.

தமிழ் பயில்வார்க்கு இது புதிதன்று. 'பொன்' என்னும் நிலைமொழியின்முன் பகரம் வருமிடத்து, அல்வழியிற் 'பொன் பெரிது' என இயல்பாக நிற்கும். வேற்றுமையிற் 'பொற்பாவை' எனத் திரியும். எழுத்துக்கள் அவையே; தொடர்பே புணர்ச்சியை வேறுபடுத்துகின்றது. அங்ஙனமே உறுப்புக்கள் தொடுமிடத்தும், முகங்களைச் செப்பஞ்செய்தலோடு அமையாது, அவற்றின் தொடர்பு யாதெனத் தெளிந்து வலைபின்னுதலே அறிவுடையோர் செயலாம்.