கால்சியம் இடும் ஆணை

உணவு உண்டபின் ரத்தத்தில் சர்க்கரை உயரத் தொடங்கியதும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அதற்குப் பிறகுதான் தயாரிப்பையே தொடங்க வேண்டும் என்றால் காலம் கடந்துவிடும். ஆகவே, கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினை முன்கூட்டியே தயாரித்து, சவ்வால் ஆன நுண்பைகளில் நிரப்பி இருப்பு வைத்துள்ளன. நரம்பு முனைகளும் அட்ரினல் சுரப்பியும் தத்தம் வேதிப்பொருள்களை இவ்வாறே சேமிக்கின்றன.

பொருளாதாரம் கற்பித்த எனக்கு இது பழக்கமான ஏற்பாடு. கிடங்கில் சரக்கு இருக்கிறது. அதை வெளியே விடும் ஆணை எங்கிருந்து வருகிறது? அதைப் படித்துச் செயல்படுத்துவது யார்?

ஆணை, கால்சியம். செல்லுக்கு வெளியே உள்ள கால்சியம் அயனிகளின் செறிவு, உள்ளே இருப்பதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு அதிகம். மின்தூண்டல் வந்ததும் சவ்விலுள்ள வாயில்கள் திறக்க, கால்சியம் உள்ளே பாய்கிறது. நுண்பையின் சவ்வு செல்லின் வெளிச்சவ்வோடு இணைய, உள்ளிருக்கும் பொருள் வெளியேறுகிறது. நரம்பு முனைகளில் இதற்கு மில்லி விநாடிக்கும் குறைவான நேரமே போதும். அங்கு கால்சியம் இன்றியமையாதது என்பதை பெர்னார்ட் காட்ஸும் ரிக்கார்டோ மிலெடியும் 1960-களில் நிறுவினர்.

ஆணையைப் படிப்பவரைக் கண்டறிவது எளிதாக இல்லை. 1978-இல் மாட்டின் அட்ரினல் சுரப்பியிலிருந்து சினெக்சின் என்ற புரதம் பிரித்தெடுக்கப்பட்டது. கால்சியம் இருந்தால் அது நுண்பைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்தது. தேடிய புரதம் கிடைத்துவிட்டதாகவே தோன்றியது. ஆனால், அது வேலை செய்வதற்கு, தூண்டப்பட்ட செல்லில் பொதுவாகக் காணப்படுவதைவிட மிக அதிகமான கால்சியம் தேவைப்பட்டது. பின்னர் அது அனெக்சின் என்ற பெரிய புரதக் குடும்பத்தின் உறுப்பினராக அறியப்பட்டது. சவ்வு சார்ந்த பல பணிகளில் அக்குடும்பம் பங்கேற்கிறது. ஆனால், நொடிப்பொழுதுச் சுரப்பைத் தூண்டுவது அது அல்ல.

அந்தப் பணி சினாப்டோடேக்மின் என்ற புரதத்துடையது. நுண்பையின் சவ்வில் பதிந்திருக்கும் இதில் சி2 எனப்படும் இரு பகுதிகள் உள்ளன. கால்சியம் வந்து சேர்ந்ததும் அவை வெளிச்சவ்வின் கொழுப்பு மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்கின்றன. இதன் அமைப்பை 1990-இல் விவரித்த தாமஸ் சூடாஃபின் குழு, 1994-இல் இப்புரதம் இல்லாத எலிகளை ஆராய்ந்தது. அவற்றின் நரம்புகளில் வேகமான சுரப்பு மறைந்திருந்தது; மெதுவான சுரப்போ எஞ்சியிருந்தது. ஆகவே, சவ்வுகளை இணைக்கும் இயந்திரம் வேறு. அதை முடுக்கிவிடும் விசை இது.

அந்த இயந்திரம் ஸ்நேர் எனப்படும் புரதங்களால் ஆனது. ரணஜன்னிக் கிருமியின் நச்சு வெட்டிச் சிதைப்பது இவற்றில் ஒன்றைத்தான். நுண்பைப் போக்குவரத்தைத் துலக்கியதற்காக ஜேம்ஸ் ராத்மன், ராண்டி ஷெக்மன், சூடாஃப் ஆகிய மூவரும் 2013-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இது ஆய்வகத்தோடு நின்றுவிடும் செய்தியன்று. நம்மில் பலர் நாள்தோறும் உட்கொள்ளும் கிளிமிப்ரைடு போன்ற மாத்திரைகள், பீட்டா செல்லின் பொட்டாசியம் வாயில்களை மூடி, அதன்வழி கால்சியத்தை உள்ளே வரச் செய்கின்றன. அங்கே அந்த ஆணையைப் படிப்பதில் சினாப்டோடேக்மின் குடும்பத்தின் ஏழாம் உறுப்பினருக்குப் பங்குண்டு. இவ்வகை மருந்துகள் 1950-களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டன; அவை செயல்படும் விதம் பல பத்தாண்டுகளுக்குப் பிறகே தெளிவானது. காரணம் தெரியாமல் குணம் கண்டதை அதிர்ஷ்டம் எனலாம். அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு நாடு திட்டமிட இயலாது.

சினெக்சினில் தொடங்கிய தேடலுக்கு லாப நோக்குடைய எந்த நிறுவனம் இத்தனை ஆண்டுகள் முதலிட்டிருக்கும்? அடிப்படை அறிவு ஒரு பொதுப்பண்டம். அதன் பயன் எல்லோருக்கும் போய்ச் சேருவதால், சந்தை அதற்கு உரிய விலை தருவதில்லை. அந்தச் செலவை அரசுதான் ஏற்க வேண்டும். 2020-21-இல் இந்தியா ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். எலியின் ஒரு புரதத்தை அறிந்து என்ன பயன் என்று கேட்போர், தவறிய சினெக்சினையும் கணக்கில் கொள்ள வேண்டும். இதுவன்று என்று அறிந்த பிறகே இதுதான் என்று அறிய முடிந்தது. அந்தச் செலவை இழப்பாக எழுதுவது கணக்குப் பிழை.