பட்டதாரியும் கணக்காளர் தொழிலும்

பல்கலைக்கழகப் பட்டம் பெற்று ஊர் திரும்பும் மலைநாட்டு இளைஞரை முதலில் எதிர்கொள்வது வாழ்த்து, அடுத்து எதிர்ப்படுவது, "இனி என்ன உத்தியோகம்?" என்னும் வினா. பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை ஆகிய பகுதிகளின் தோட்டக் குடும்பங்களிலே இவ்வினாவுக்கு நெடுங்காலமாக வழங்கிவரும் விடை ஆசிரியத் தொழில் என்பதே. அத்தொழிலின் பெருமையை மறுப்பார் இலர். ஆயினும், பட்டம் பெற்றோர் யாவருக்கும் பாடசாலையில் இடம் கிடைப்பதில்லை. ஆதலின், கணக்காளர் தொழில் பட்டதாரி ஒருவர் தம் வாழ்நாளை ஒப்படைக்கத்தக்க தொழில்தானா என்பது ஆராய்தற்குரியது.

இத்தொழிலைப் பற்றிய முதல் ஐயம் அதன் மதிப்பைப் பற்றியது. "பட்டம் பெற்றும் பேரேடு எழுதுவதா?" என்று வினவுவோர் உளர். கணக்குப் பதிவும் கணக்கியலும் ஒன்றெனக் கருதுவதால் விளையும் மயக்கம் இது. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரு பக்கங்களிலும் பதியும் இரட்டைப் பதிவு முறையை, 1494 ஆம் ஆண்டில் வெனிசு நகரில் அச்சான தமது கணித நூலில் லூக்கா பசியோலி என்னும் துறவி விளக்கினார். அப்பதிவு வேலையின் பெரும்பகுதியை இன்று கணினி செய்து முடிக்கின்றது. கணினி செய்ய இயலாதது, பதிந்த எண்ணின் பொருளை ஆய்ந்து தீர்ப்புக் கூறுவதாகும். கணக்காளரின் வேலை அங்கேதான் தொடங்குகின்றது.

தேயிலைச் செடியையே எடுத்துக் கொள்ளலாம். அது பல பத்தாண்டுகள் கொழுந்து தருவது. அதனை நிலத்தோடு சேர்த்து மதிப்பதா, உயிருள்ள விளைபொருளாக மதிப்பதா, தொழிற்சாலை இயந்திரம்போல ஆண்டுதோறும் தேய்மானம் கழிப்பதா? கணக்கீட்டு நியமங்கள் முன்னர் அதனை உயிரியற் சொத்தாகக் கொண்டு சந்தைப் பெறுமதியை நோக்கின. 2016 ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பலன் தரும் செடியை இயந்திரத்தோடு ஒத்த சொத்தாகவும், அதிற் கிள்ளும் கொழுந்தை விளைபொருளாகவும் பிரித்தது. இந்த ஒரு மாற்றத்தால் தோட்டமொன்றின் இலாபம் வேறாகத் தோன்றலாம். இவ்வாறு சிந்திக்க வேண்டிய தொழிலை எழுத்துவேலை என்று இகழ்தல் பொருந்தாது.

ஊவாவின் தோட்ட மக்களுக்கோ கணக்கு என்பது வெறும் பிழைப்புக்குரிய வித்தையன்று; அவர்களுடைய வரலாற்றோடு பிணைந்தது. தென்னிந்தியாவினின்றும் வந்த தொழிலாளியின் வழிச்செலவு கடனாக அவர் பெயரில் எழுதப்பட்டது. அவர் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல வேண்டின், அக்கடனைக் குறித்த "துண்டு" உடன் சென்றது. புதிய தோட்டம் கடனைத் தீர்த்தே ஆளைப் பெற்றது. எழுதப் படிக்க அறியாத ஒருவர், தாம் படித்தறிய முடியாத ஒரு தாளினாற் கட்டுண்டிருந்தார். இம்முறை 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே விலக்கப்பட்டது.

1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின்னர் ஏடுகளின் வலிமை வேறொரு வகையில் வெளிப்பட்டது. 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாக்கித்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர்கள், 1946 சனவரி முதலாம் நாளுக்கு முன் மணமானோராயின் ஏழு ஆண்டும், ஏனையோராயின் பத்து ஆண்டும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்ததை நிறுவ வேண்டியிருந்தது. வாய்ச்சொல் எடுபடாத இடத்தில் எழுத்துச் சான்றே வேண்டப்பட்டது. ஒழுங்காக எழுதப்பட்ட ஏடு ஒரு குடும்பத்துக்கு எத்தகைய அரண் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

அந்நிலை இன்று மாறிவிட்டது. எனினும் ஏட்டின் வலிமை குறையவில்லை. பிரட்டுக்களத்தில் பதியப்படும் ஒரு பெயர் எவ்வளவு பெறும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். 2021 ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவென வரையறுக்கப்பட்டது. பின்னர் அது உயர்ந்துள்ளதாயினும், கணிப்பின் எளிமை கருதி அத்தொகையையே கொள்வோமாயின், 25 நாள் வேலைக்கு 25,000 ரூபா சம்பளமாகும். முழுத் தொகையும் கணிப்புக்குரியதெனின், ஊழியர் சேமலாப நிதிக்காகத் தொழிலாளியிடம் 8 வீதமாகிய 2,000 ரூபா கழிக்கப்படும். தொழில்கொள்வோர் 12 வீதமாகிய 3,000 ரூபாவும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமாகிய 750 ரூபாவும் செலுத்தல் வேண்டும். செக்ரோலில் ஒரு நாட்பெயர் விடுபடின், இழப்பு 1,000 ரூபாவோடு நில்லாது. நிதிகளுக்குச் சேர வேண்டிய 150 ரூபாவும், ஓய்வுபெறும்வரை அதற்குச் சேரும் வட்டியும் இழப்பாகும். சம்பளத்துண்டை வாசித்து இதனை எடுத்துரைக்க வல்லவர் லயத்துக்கு ஒருவர் இருப்பினும் போதும்.

சம்பளப் பேச்சுவார்த்தையும் இத்தகையதே. 1992 ஆம் ஆண்டில் அரச தோட்டங்களின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அன்று தொட்டுச் சம்பள உயர்வு கேட்கப்படும்போதெல்லாம் உற்பத்திச் செலவு விடையாகக் கூறப்படுகின்றது. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். கொழுந்தின் விலை, விறகு, உரம், நிருவாகச் செலவு, கடன் வட்டி ஆகியவற்றுள் எது எவ்வளவு என்பதை ஆண்டறிக்கையினின்றும் பிரித்தறிபவர், கம்பனியின் கூற்று மெய்யாயின் ஒப்புவார், மிகையாயின் மறுப்பார். அவ்வறிவில்லாத தொழிற்சங்கம் குரலை மட்டுமே உயர்த்த முடியும்.

இனி, தொழிலினுட் புகும் வழிகளை நோக்குதல் வேண்டும். 1959 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் தேர்வுகளும் பயிற்சியும் ஒரு வழி. முகாமைக் கணக்காளர் தகைமை மற்றொன்று. அரச சேவையை விரும்புவோர்க்கு இலங்கைக் கணக்காளர் சேவையும் கணக்காய்வுச் சேவையும் உள்ளன. பதுளையிலேயே 2005 ஆம் ஆண்டில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டமையால், முகாமைத்துவக் கல்வியும் மலைக்கு அண்மையில் வந்துள்ளது.

ஆயினும் இடர்களை மறைத்தல் நேர்மையாகாது. பயிற்சிக் காலத்து உதவிப்பணம் சிறிது. பயிற்சி நிலையங்களுட் பெரும்பாலானவை கொழும்பிலுள்ளன. அங்கே அறை வாடகைக்கே அப்பணம் போதாதிருத்தல் கூடும். தொழிலின் மொழி பெரும்பாலும் ஆங்கிலமே. பட்டத் தேர்வில் ஒரேமுறையிற் சித்தியெய்தியவரும் தொழிற்றேர்வில் மீண்டும் மீண்டும் அமர நேரிடும். தந்தையின் நாட்சம்பளத்தை நம்பிய வீட்டுக்கு இத்தாமதம் பெருஞ்சுமை. எண்ணில் விருப்பமின்றி வருவாயை மட்டும் நாடிப் புகுவோர் இடைவழியில் திரும்புவர். அவர்களுக்கு இது தக்க தொழிலன்று. குடும்பத்தின் நிலையறிந்து, முதலில் ஓர் உத்தியோகத்தில் அமர்ந்து, மாலைவேளையில் தேர்வுகளை ஒவ்வொன்றாக முடிப்பதும் இழிவன்று.

பொறுமையும் நேர்மையும் உடைய பட்டதாரிக்கு இது வாழத்தக்க தொழில் என்பதே முடிவாகும். கணக்கப்பிள்ளையின் ஏட்டைக் கண்டு அஞ்சிய பாட்டனின் பேரப்பிள்ளை, அதே ஏட்டைத் திறந்து, ஒவ்வொரு வரியையும் சரிபார்த்து, தன் கையொப்பமிடும் நிலைக்கு உயர்வது ஒரு குடும்பத்தின் உயர்வு மாத்திரமன்று. அக்கையொப்பத்தை முதலாளியும் தொழிலாளியும் ஒருங்கே நம்பும் நாளில், பட்டத்துக்கும் அது பெருமையாகும். பட்டதாரியைப் பெற்ற மலைக்கும் பெருமையாகும்.