பத்து ரூபாய் பேனாவா, நூறு ரூபாய் பேனாவா? கை வலிக்காம எழுத ஒரு சின்னக் கணக்கு



எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், வரி சேமிப்புன்னு பேசிட்டு இருந்த ஆளு திடீர்னு பேனா பத்தி எழுத வந்துட்டாரேன்னு பார்க்காதீங்க. வீடியோவுல நான் கையில வச்சு ஆட்டிக்கிட்டே பேசுற அந்தப் பேனா என்ன பேனான்னு ரொம்ப பேர் கேட்டுட்டீங்க. பதிலை ஒரே வரியில சொல்லிடலாம். ஆனா அந்தப் பேனா என் கைக்கு வந்த கதையையும் சேர்த்துச் சொன்னாத்தான் உங்களுக்குப் பிரயோஜனமா இருக்கும். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், இந்தக் கட்டுரைக்கு எந்தப் பேனா கம்பெனியும் எனக்குக் காசு கொடுக்கல.

அப்பாவோட கையெழுத்து

மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்க அப்பாவுக்கு ஒரு ஆபரேஷன். இன்சூரன்ஸ் போக மீதிப் பணத்துக்கு அவரோட ஃபிக்சட் டெபாசிட்டை முன்கூட்டியே முடிக்க வேண்டியிருந்தது. பழைய பேப்பர் ரசீது டெபாசிட், அதனால நேர்லதான் போகணும். அப்பாவைக் கூட்டிட்டு பேங்குக்குப் போனேன்.

கவுன்ட்டர்ல நூல் கட்டித் தொங்கவிட்ட பேனா. அழுத்தினாத்தான் எழுதும். அப்பாவுக்கு எழுபது வயசு தாண்டிடுச்சு, கை லேசா நடுங்கும். அழுத்த அழுத்த நடுக்கம் கூடுச்சு. பாதிக் கையெழுத்துல மை நின்னு போக, அதுக்கு மேலேயே இன்னொரு தடவை எழுதினார். "சார், கையெழுத்து ஒத்துப் போகல"ன்னு ஃபார்ம் திரும்பி வந்துச்சு. இன்னொரு ஃபார்ம் வாங்கிப் போட்டார். அதுவும் திரும்பி வந்துச்சு.

"நானே வந்து நின்னாலும் நான் இல்லேங்கிறாங்களேப்பா"ன்னு சிரிச்சார். ஆனா முகம் வாடிப் போச்சு. அன்னிக்குப் பணம் கிடைக்கல.

பேங்க் ஊழியரைக் குறை சொல்ல மாட்டேன். ஒப்பிட்டுப் பார்க்கிறது அவர் வேலை. ஊருக்கெல்லாம் பேப்பர் சரியா இருக்கணும்னு பாடம் எடுக்கிற நான், கையில ஒரு உருப்படியான பேனா இல்லாம அப்பாவைக் கூட்டிட்டுப் போனதுதான் தப்பு. அன்னிக்குச் சாயங்காலம் ஒரு ஸ்டேஷனரி கடையில நின்னு, இருக்கிற பேனாவெல்லாம் எழுதிப் பார்த்து ஒண்ணு வாங்கினேன். மறுநாள் அப்பாவை நாற்காலியில உட்கார வச்சு, வேற பேப்பர்ல நாலு தடவை போட்டுப் பார்க்கச் சொன்னேன். அப்புறம் ஃபார்ம்ல போட்டார். பாஸ் ஆயிடுச்சு.

உங்களுக்கு இப்போ இருபத்தஞ்சு, முப்பது வயசு இருக்கும். "எல்லாமே ஆன்லைன், எனக்கு எதுக்குப் பேனா"ன்னு தோணும். வேலையில சேர்ற அன்னிக்கு பிஎஃப் நாமினேஷன், வாடகை ஒப்பந்தம், செக், ஈஎம்ஐக்கான மேண்டேட் ஃபார்ம்னு வரிசையா வரும். வீட்டுக் கடன் வாங்கினீங்கன்னா ஒரே உட்கார்ல எத்தனை பக்கத்துல கையெழுத்து போடணும்னு வாங்கினவங்களைக் கேட்டுப் பாருங்க. வேலை பார்த்துக்கிட்டே சிஏ, குரூப் 1 மெயின்ஸ்னு படிக்கிறவங்களுக்கு மூணு மணி நேரம் விடாம எழுதுற வேலையும் இருக்கு.

பேனா ஏன் சில நேரம் வழுக்குது, சில நேரம் இழுக்குது?

பால்பாயிண்ட் முனையில ஒரு குட்டிக் குண்டு இருக்கு. பெரும்பாலும் டங்ஸ்டன் கார்பைடுங்கிற ரொம்பக் கெட்டியான பொருள்ல செஞ்சது. நீங்க எழுதும்போது அந்தக் குண்டு உருண்டு, உள்ளே இருக்கிற மையை எடுத்துப் பேப்பர்ல தடவுது. ஹங்கேரியைச் சேர்ந்த லாஸ்லோ பிரோ 1938-ல இதுக்குப் பேட்டன்ட் வாங்கினார். அடிப்படை இன்னிக்கும் அதேதான்.

அந்த மை எவ்வளவு கெட்டியோ, குண்டை உருட்ட உங்க விரல் அவ்வளவு வேலை செய்யணும். கை வலிக்கு முக்கியமான காரணம் இந்த அழுத்தம்தான். மையை வச்சு மூணு வகை.

முதல் வகை, பழைய எண்ணெய் மை. ரெனால்ட்ஸ் 045 ஞாபகம் இருக்கா? ஸ்கூல்ல எல்லார் பாக்கெட்லயும் இருந்த வெள்ளை உடம்பு, நீல மூடி. மை சீக்கிரம் காயும், ரொம்ப நாள் வரும், கார்பன் காப்பி சலானுக்கு நல்லா பதியும். ஆனா கொஞ்சம் அழுத்தணும்.

ரெண்டாவது, ஜெல். தண்ணி அடிப்படையிலான மை. அழுத்தாமலே கருப்பா, அழகா வரும். ஆனா பேப்பர்ல நிறைய மை இறங்குறதால சீக்கிரம் தீரும். காயறதுக்குள்ள கை பட்டா தேய்ஞ்சிடும். சென்னை வெயில்ல வேர்த்த உள்ளங்கை, இடது கைப் பழக்கம், ரெண்டுல ஒண்ணு இருந்தாலும் பேப்பர் பாழ்.

மூணாவது, இளகின எண்ணெய் மை. பால்பாயிண்ட்தான், ஆனா மையை இன்னும் இளக்கமா செஞ்சிருப்பாங்க. 2006-ல ஜப்பான்ல வந்த யூனி ஜெட்ஸ்ட்ரீம் இதுல பேர் வாங்கினது. நம்ம ஊர் லிங்க் பென்டோனிக், செல்லோ பட்டர்ஃப்ளோ மாதிரி பேனாக்களும் வழுக்கிட்டுப் போற எழுத்துக்காகவே விக்குது. அழுத்தம் குறைவு, சீக்கிரம் காயும். தினசரி உபயோகத்துக்கு என் ஓட்டு இதுக்குத்தான்.

0.5, 0.7, 1.0... எது உங்களுக்கு?

பேனா மேல போட்டிருக்கிற இந்த நம்பர், முனையில இருக்கிற குண்டோட விட்டம், மில்லிமீட்டர்ல. 0.5 மெல்லிசா எழுதும், சின்னக் கட்டத்துல நம்பர் போட நல்லது. ஆனா பேப்பரைக் கீறுற மாதிரி இருக்கும். 1.0 வெண்ணெய் மாதிரி போகும், கோடு தடிமனா வரும், மையும் கூடச் செலவாகும். 0.7 நடுவுல. எதை வாங்குறதுன்னு தெரியலைன்னா 0.7-ல ஆரம்பிங்க. கை நடுங்குற பெரியவங்களுக்கு 1.0 வாங்கிக் கொடுங்க.

அடுத்தது பிடி. ரொம்ப ஒல்லியான பேனாவை விரல் இறுக்கிப் பிடிக்கும், அரை மணி நேரத்துல கட்டை விரல் வலிக்கும். கொஞ்சம் பருமனா, விரல் வைக்கிற இடத்துல வழுக்காம இருக்கணும். மெட்டல் பேனா பார்க்க கெத்தா இருக்கும், ஆனா பத்துப் பக்கம் எழுதுறவங்களுக்கு எடை தெரியும். கையெழுத்து மட்டும் போடுறவங்களுக்குப் பரவாயில்ல.

கடையில ரெண்டு நிமிஷ டெஸ்ட்

கடைக்காரர் கொடுக்கிற துண்டுப் பேப்பர்ல சும்மா ஒரு கிறுக்கல் போட்டுட்டு வராதீங்க. இப்படிச் செய்யுங்க.

1. பேனாவோட எடை மட்டும் பேப்பர் மேல இருக்கிற மாதிரி, அழுத்தாம ஒரு கோடு போடுங்க. கோடு விடாம வந்தா பாதி பாஸ்.

2. 8 என்ற நம்பரை விடாம பத்து தடவை வேகமா சுத்துங்க. வளைவுல மை விட்டுப் போகுதா பாருங்க.

3. உங்க கையெழுத்தை மூணு தடவை போடுங்க. மூணும் ஒரே மாதிரி இருக்கா?

4. அஞ்சு செகண்ட் விட்டு விரலால தேய்ங்க. இழுவினா வேண்டாம்.

5. பேப்பரைத் திருப்பித் தடவிப் பாருங்க. பின்னாடி மேடு தட்டுப்பட்டா, நீங்க ரொம்ப அழுத்துறீங்கன்னு அர்த்தம்.

ஒரே ஒரு பேப்பரை அடியில வச்சு டேபிள் மேல எழுதினா நல்ல பேனாவும் சொரசொரன்னு தெரியும். கீழே நாலஞ்சு தாள் வச்சுக்கோங்க.

சரி, கணக்குக்கு வருவோம்

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். பத்து ரூபாய் பேனா மாசத்துக்கு ஒண்ணு தீருதுன்னா வருஷத்துக்கு 120 ரூபாய். நூறு ரூபாய் பேனா, 50 ரூபாய் ரீஃபில், ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு தீருதுன்னா பேனா 100, மேற்கொண்டு அஞ்சு ரீஃபில் 250, மொத்தம் 350. வித்தியாசம் 230 ரூபாய். மாசத்துக்கு இருபது ரூபாய்கூட ஆகல. ரெண்டாவது வருஷம் பேனா விலை கிடையாது, ரீஃபில் ஆறுதான், 300 ரூபாய்.

வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, "ரீஃபில் தனியா கிடைக்குமா?" கிடைக்காத நூறு ரூபாய் பேனா, விலை கூடின யூஸ் அண்ட் த்ரோதான். பார்க்கர் டைப் ரீஃபில்னு கடையில சொல்ற அளவு ஒரு சர்வதேச அளவுமுறை. அந்த அளவு போடுற பேனா வாங்கினா வேற கம்பெனி ரீஃபிலையும் மாத்திப் போட்டுக்கலாம்.

இன்னொரு உண்மையையும் சொல்லணும். நம்மள்ல பாதிப் பேர் கையில பேனா தீர்ந்து போறதே இல்ல, தொலைஞ்சுதான் போகுது. நீங்க அந்தக் கோஷ்டின்னா பத்து ரூபாய் பேனாவே போதும். அந்த விலையிலேயே மேல சொன்ன டெஸ்ட்ல பாஸ் ஆகுற பேனா இருக்கு.

"பேனா பில்லை வரியில காட்டலாமா?"ன்னு கேட்பீங்க. சம்பளக்காரங்களுக்குத் தனியாக் காட்ட வழி இல்ல. புது வரி முறையில 75,000 ரூபாய், பழைய முறையில 50,000 ரூபாய்னு ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் தர்றாங்களே, உங்க பேனாவும் அதுக்குள்ள அடக்கம்.

பணம் சம்பந்தப்பட்ட பேப்பர்ல இதை மறக்காதீங்க

செக்கை இப்போ பேங்குகள் பேப்பரா அனுப்புறது இல்ல, ஸ்கேன் செஞ்ச படமாத்தான் அனுப்புறாங்க. வெளிர் நிற மை, விட்டு விட்டு வர்ற கோடு எல்லாம் படத்துல இன்னும் மோசமாத் தெரியும். படத்துல தெளிவா விழுற நிலையான மையில எழுதுங்க, நீலம் அல்லது கருப்பு. பேர்லயோ தொகையிலயோ தப்பு வந்தா அடிச்சுத் திருத்தக் கூடாது, புது செக்தான்.

கையெழுத்து ஒத்துப் போகலைன்னு செக் திரும்பினா அபராதத்தோட போயிடும்னு நினைக்காதீங்க. லக்ஷ்மி டைகெம் வழக்குல 2012-ல உச்ச நீதிமன்றம், இந்தக் காரணத்துக்காகத் திரும்புற செக்கும் 138-வது பிரிவுக்குள்ள வரலாம்னு சொல்லியிருக்கு. செக் பவுன்ஸ் வழக்குன்னு நாம சொல்ற அதே பிரிவு.

அடுத்தது ரொம்ப முக்கியம். சூடு பட்டா அழியுற மை இருக்கு. பைலட் ஃப்ரிக்சன் மாதிரி பேனாக்கள்ல இருக்கிற மை 60 டிகிரி செல்சியஸ் பக்கம் போனா நிறமே இல்லாம ஆயிடும். நோட்ஸ் எடுக்க அருமையான பேனா, ஆனா கையெழுத்துக்கும் சட்டப் பேப்பருக்கும் உபயோகிக்காதீங்கன்னு தயாரிச்ச கம்பெனியே சொல்லுது. லோன் வாங்கித் தர்றேன்னு வீட்டுக்கு வர்ற யாராவது "என் பேனாலயே எழுதுங்க சார், நானே ஃபில் பண்ணித் தர்றேன்"னு சொன்னா, சிரிச்சுக்கிட்டே உங்க பேனாவை எடுங்க. பேரு, தொகை, கையெழுத்து மூணையும் உங்க கையால, உங்க பேனாவால எழுதுங்க.

நான் பண்றது என்னன்னா

பையில ரெண்டு பேனா. ஒண்ணு பத்து ரூபாய் 0.7, நோட்ஸ் எடுக்க, கேட்கிறவங்களுக்குக் கொடுக்க. திரும்பி வரலைன்னாலும் கவலை இல்ல. இன்னொண்ணு கையெழுத்துப் பேனா, யாருக்கும் கொடுக்கிறது இல்ல. நீங்க வீடியோவுல பார்க்கிறது அதுதான். ஜெட்ஸ்ட்ரீம் 1.0. அன்னிக்கு அப்பாவுக்காக வாங்கினது. அப்பா இப்போ நல்லா இருக்கார், தனக்குன்னு அதே மாதிரி ஒண்ணு கேட்டு வாங்கி வச்சிருக்கார்.

ஒரு வேலை மட்டும் இந்த வாரம் முடிங்க. வீட்டுல பெரியவங்க இருந்தா, ஒரு வெள்ளைப் பேப்பர்ல கையெழுத்து போடச் சொல்லிப் பாருங்க. பேங்க்ல இருக்கிறதோட ரொம்ப மாறிப் போயிருந்தா, அவசரம் வர்றதுக்கு முன்னாடியே அவங்களைக் கூட்டிட்டுப் போய், அடையாள அட்டை காட்டி, புதுக் கையெழுத்தைப் பதிவு பண்ணிடுங்க. போகும்போது நல்ல பேனா ஒண்ணு எடுத்துட்டுப் போங்க.

அடுத்த பதிவுல நாமினேஷன் பத்திப் பேசுவோம்.