உருள்பட்டை ஏன் தோன்றவில்லை?

ஜாவாவின் ஸ்விங் நூலகத்தில் ஒரு நிரலர் ஒரு பேனலில் 3000 பிக்சல் உயரத்துக்குப் படம் வரைந்து, அதை உருட்டிப் பார்ப்பதற்கான ஸ்க்ரோல்பேனுக்குள் வைக்கிறார். உருள்பட்டை வரவே இல்லை. ஏன்?

ஸ்க்ரோல்பேன் படத்தைப் பார்ப்பதில்லை. எவ்வளவு இடம் வேண்டும் என்று பேனல் சொல்லும் அளவையே நம்புகிறது. வரைந்தால் போதாது, அளவையும் அறிவிக்க வேண்டும்.

அறிவித்ததும் கணக்கு எளிது. காட்சிப் பகுதி 600 பிக்சல் என்றால், அது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பட்டையில் நகரும் கட்டையும் ஏறக்குறைய அதே விகிதம்தான்.

உண்மையான அழகு வேகத்தில் இருக்கிறது. 20 பிக்சல் கீழே உருட்டினால், திரையில் ஏற்கெனவே உள்ள 580 பிக்சல் வரிகளை ஸ்விங் அப்படியே நகலெடுத்து மேலே தள்ளுகிறது. புதிதாகத் திறந்த 20 வரிகளை மட்டும் வரையச் சொல்கிறது. அந்த 20 வரிகளின் எல்லையைக் கவனிக்காமல் நிரல் முழுப் படத்தையும் கணக்கிட்டால், மிச்சப்படுத்திய நேரமெல்லாம் வீண்.