சுமையும் கலையும்

மலைமுகட்டில் கதிரவன் எழும் காட்சியும், காட்டுவழியில் ஒரு பறவை சிறகு விரிக்கும் தோற்றமும் கணப்பொழுதில் தோன்றி மறைவன. அவற்றை அழியாமற் பதித்து வைக்கும் ஆற்றல் புகைப்படக் கலைக்கு உண்டு. ஆனால், அக்காட்சிகள் கலைஞனுடைய இல்லம் தேடி வருவதில்லை. கலைஞனே அவற்றை நாடிச் செல்லவேண்டும். அவன் செல்லும் இடங்களுட் பல, வண்டி செல்லாத ஒற்றையடிப் பாதையைக் கடந்தே அடையத்தக்கவை. அங்கெல்லாம் அவனுடைய கருவிகளை அவனே சுமக்கவேண்டும். ஆதலின், வெளியிடங்களிற் படம் எடுப்போர்க்குக் கருவியைப் பற்றிய அறிவு எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது அதனைச் சுமக்கும் முறை பற்றிய அறிவும். முதுகுப்பை மிக எளிய பொருளாகத் தோன்றலாம். எனினும், நல்ல படம் கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் பலவேளைகளில் அப்பையைப் பொறுத்தே அமைகின்றன.

புகைப்படக் கலையின் வரலாறே ஒருவகையிற் சுமை குறைந்துவந்த வரலாறு எனலாம். இக்கலை உலகிற்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு 1839. பின்னர், 1851-ஆம் ஆண்டில் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் ஈரத்தகடு முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டின்மேல் இரசாயனக் குழம்பைப் பூசி, அது உலர்வதற்கு முன்பே படம் எடுத்து, அப்பொழுதே கழுவவும் வேண்டும் என்பது அம்முறை. எனவே, படம் எடுப்பவர் செல்லுமிடமெல்லாம் இருட்டறையும் உடன்செல்ல வேண்டியிருந்தது. 1855-இல் கிரிமியப் போர்க்களத்திற்குச் சென்ற ரோஜர் பென்ட்டன், மது வணிகர் ஒருவரின் வண்டியை இருட்டறையாக மாற்றி உடன்கொண்டு சென்றார். 1863-இல் சிம்லாவிலிருந்து இமயமலைக்குப் புறப்பட்ட சாமுவேல் போர்ன் என்பவருக்கு, கருவிகளையும் கண்ணாடித் தகடுகளையும் கூடாரத்தையும் சுமக்க முப்பது பேர் அளவிலான சுமையாட்கள் தேவைப்பட்டனர். 1866-இல் அவர் 5,600 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடைய மணிரங் கணவாயில் நின்று படம் எடுத்தார். அப்படங்களைப் போற்றுவோர், அவற்றை உச்சிவரை சுமந்து சென்ற பெயரறியாத் தோள்களையும் நினைத்தல் தகும்.

தமிழ்நாட்டுக் கோயில்களை முதன்முதலிற் படம் எடுத்தோருள் ஒருவரான லினியஸ் டிரைப், சுமையைக் குறைக்கும் வழியொன்றை அறிந்திருந்தார். 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்ட அவர், மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களில் எடுத்த படங்கள் 1858-இல் வெளிவந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு அவர் பயன்படுத்தியது மெழுகேற்றிய தாளே. தாள், கண்ணாடியைவிட இலேசானது. கீழே விழுந்தால் உடையாதது. முன்னதாகவே ஆயத்தம் செய்து வைத்துக்கொள்ளக் கூடியது. தஞ்சைப் பெரியகோயிலின் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள கல்வெட்டினை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள ஒரே படமாக அவர் அமைத்தார். பயணத்திற்கு ஏற்ற பொருளைத் தேர்ந்தமை அவருடைய பணிக்குப் பெருந்துணையாயிற்று.

காலம் செல்லச் செல்லக் கருவிகள் சிறுத்தன. 1871-இல் உலர்தகடு தோன்றியது. 1888-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் சுருள் கொண்ட கையடக்கப் பெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தார். ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் பணியாற்றிய ஆஸ்கர் பார்னாக் என்பவர் ஆஸ்துமா நோயால் வருந்தியவர். மலைப்பாதைகளில் நடந்து படம் எடுப்பதில் அவருக்கு விருப்பம் மிகுதி; ஆனால், பெரிய தகட்டுக் கருவியையும் முக்காலியையும் சுமக்க அவருடைய உடல் இடங்கொடுக்கவில்லை. சட்டைப்பையில் அடங்கக்கூடிய கருவியொன்றை அமைக்க அவர் முயன்றார். அம்முயற்சியின் பயனாக விளைந்த லைக்கா என்னும் கருவி 1925-இல் விற்பனைக்கு வந்து, உலகெங்கும் புகைப்படக் கலையின் போக்கையே மாற்றிவிட்டது.

எதைச் சுமப்பது, எதை விடுப்பது என்னும் வினாவிற்கு மிகக் கடுமையான சூழ்நிலையில் விடை காணவேண்டியவராக இருந்தவர் பிராங்க் ஹர்லி. ஆஸ்திரேலியரான அவர், ஷாக்கிள்டன் தலைமையில் தென்துருவப் பகுதிக்குச் சென்ற குழுவின் புகைப்படக்காரர். 1915-இல் அவர்களுடைய எண்டுரன்ஸ் என்னும் கப்பல் பனிக்கட்டிகளுக்கு இடையே சிக்கி நொறுங்கியது. உடைந்த கப்பலுக்குள் நிறைந்திருந்த உறைகுளிர் நீரில் இறங்கி, ஹர்லி தம் கண்ணாடித் தகடுகளை மீட்டார். ஆனால், பனிப்பரப்பின்மீது நடந்தும் படகேறியும் உயிர் பிழைக்கவேண்டிய நிலையில் அவை அனைத்தையும் எடுத்துச் செல்ல இயலுமோ? அவரும் ஷாக்கிள்டனும் பனிமீது அமர்ந்து ஒவ்வொரு தகடாக ஆய்ந்தனர். ஏறத்தாழ 120 தகடுகளை வைத்துக்கொண்டு, எஞ்சிய 400 அளவிலான தகடுகளை அங்கேயே உடைத்தெறிந்தனர். பின்னர் மனம் மாறி அவற்றை எடுக்க முற்படாதிருக்கும் பொருட்டே அவ்வாறு செய்தனர். பெரிய கருவிகளையும் துறந்து, சிறிய சட்டைப்பைக் கருவி ஒன்றையும் மூன்று படச்சுருள்களையும் மட்டுமே ஹர்லி உடன்கொண்டார். 1916-இல் அக்குழுவினர் மீட்கப்பட்டபோது அப்படங்களும் உலகிற்குக் கிடைத்தன. விடுக்கவேண்டியதை விடுத்தமையால், காக்கவேண்டியது காக்கப்பட்டது.

இக்காலத்தில் இருட்டறையும் கண்ணாடித் தகடும் தேவையில்லை. ஆயினும், சுமை வேறு உருவில் திரும்பி வந்துள்ளது. வில்லையை மாற்றிப் பொருத்தும் கருவி ஒன்று முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை எடையுடையது. தொலைவிலுள்ளவற்றை ஓரளவு அண்மையிற் காட்டும் பெரிய வில்லை ஒன்றரைக் கிலோவை எட்டும். பறவைகளையும் விலங்குகளையும் படம் எடுக்க உதவும் நெடுவில்லை 3 கிலோ அளவினதாகவும் இருக்கும். இவற்றோடு முக்காலி, மின்கலங்கள், குடிநீர், உணவு, மழையுடை ஆகியனவும் சேரும். பையின் எடையே ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை இருத்தல் உண்டு. மெல்லிய இறகேயாயினும் மிகுந்தால் வண்டியின் அச்சு முறியும் அன்றோ?

ஒருவர் எவ்வளவு சுமக்கலாம்? நெடுவழி நடப்போர், தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல் சுமவாதிருத்தல் நன்று என்பர். வளரும் பருவத்தினர்க்கு இவ்வளவும் ஆகாது. பள்ளிப்பையின் எடை மாணவரது உடல் எடையில் பத்தில் ஒரு பங்கிற்கு மேற்படலாகாது என்று, 2020-இல் இந்திய அரசு வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கை கூறுகின்றது. 50 கிலோ எடையுள்ள மாணவர் ஒருவருக்கு இது 5 கிலோவாகும். படம் எடுக்கச் செல்லும் மாணவரும் இவ்வளவையே எல்லையாகக் கொள்ளுதல் அறிவுடைமை.

சுமையின் அளவைப் போலவே, அது உடலின் எப்பகுதியில் தங்குகின்றது என்பதும் கருதத்தக்கது. தோளில் மட்டும் தொங்கும் பை, கழுத்தையும் தோள்தசைகளையும் அழுத்தும். நெடுநேரம் அழுத்தினால் கை மரத்துப் போதலும் உண்டு. களைத்த கை நடுங்கும். நடுங்கும் கை எடுத்த படம் தெளிவிழக்கும். ஆகவே, பையின் வசதி உடல்நலத்தோடு மட்டுமன்றிக் கலைத்திறத்தோடும் தொடர்புடையதாகின்றது. உடலின் உறுதியான பகுதி இடுப்பெலும்பும் கால்களும் ஆகும். 1952-இல் அமெரிக்கராகிய டிக் கெல்ட்டி விற்பனைக்குக் கொணர்ந்த மலையேற்றப் பைகள், அலுமினியச் சட்டத்தின் துணையால் சுமையை இடுப்பிற்கு இறக்கின. இன்றும் நல்ல பைகள் அம்முறையையே பின்பற்றுகின்றன. அகன்ற, மெத்தென்ற இடுப்புவார் சுமையின் பெரும்பகுதியைத் தாங்கும். தோள்வார்கள் பையை முதுகோடு அணைத்துப் பிடிக்கும். இடுப்புவார் வெறும் நாடாவாக இருக்கும் பை, சிறு சுமைக்கே ஏற்றது.

பையின் நீளம் அணிபவரின் முதுகிற்குப் பொருந்தவேண்டும். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தித் தோன்றும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரையுள்ள நீளமே முதுகின் அளவாகும். உயரமானவர் எல்லார்க்கும் முதுகு நீண்டிருக்கும் என்பதில்லை. ஆதலால், ஆளின் உயரத்தைக் கொண்டு பையைத் தேர்தல் பிழைபடும். வெறும் பையைக் கடையில் மாட்டிப் பார்த்து மகிழ்வதாலும் பயனில்லை. எடுத்துச் செல்லவிருக்கும் எடையை அதனுள் வைத்து, சிறிது தொலைவு நடந்தும், படியேறி இறங்கியும் பார்த்தல் வேண்டும்.

பொருள்களை அடுக்குவதிலும் ஒரு முறை உண்டு. கனமான கருவியும் வில்லையும் முதுகை ஒட்டியவாறு, பையின் நடுப்பகுதியில் அமையவேண்டும். அவை முதுகிலிருந்து விலகியிருந்தால் உடலைப் பின்னோக்கி இழுக்கும். அவ்விழுப்பை ஈடுசெய்ய நடப்பவர் முன்குனிந்து நடக்க நேரும். முக்காலியைப் பையின் நடுவிற் கட்டுதல் நலம். ஒருபக்கத்திற் கட்டினால், மறுபக்கத்தில் நீர்க்குப்பியை வைத்துச் சமன் செய்யலாம். பொருள்கள் ஒன்றோடொன்று மோதாதவாறு, உள்ளே நுரைமெத்தை பொதிந்த தடுப்புகள் இருத்தல் வேண்டும்.

பை திறக்கும் முறையைத் தேர்வதில் ஆழ்ந்த சிந்தனை தேவை. பக்கவாட்டில் திறக்கும் பையிலிருந்து, அதனைக் கீழே வைக்காமலே கருவியை எடுக்கலாம். காட்டிலும் தெருவிலும் திடீரெனத் தோன்றும் காட்சிகளைப் பிடிக்க இது துணைசெய்யும். முதுகோடு ஒட்டிய பக்கத்தில் திறக்கும் பையோ மெதுவானது. ஆனால் காவல் மிக்கது. நெரிசல் மிகுந்த இரயில் நிலையத்திலும் திருவிழாவிலும் பின்னால் நிற்பவர் அதனைத் திறக்க இயலாது. சேற்றுநிலத்தில் வைத்தாலும், முதுகிற் படியும் பக்கம் மேல்நோக்கி இருப்பதால் வார்களில் சேறு ஒட்டாது. விரைவையும் காவலையும் ஒருங்கே முழுமையாகத் தரும் பை அரிது. எது தமக்கு வேண்டுவது என்பதைப் பயணமே முடிவு செய்யவேண்டும்.

வால்பாறை போன்ற மழைவளம் மிக்க மலைப்பகுதிகளுக்குச் செல்வோர், நீரை முதற்பகையாகக் கருதுதல் வேண்டும். நைலான் துணி நீரைத் தடுத்தாலும், தையல் வழியாகவும் ஜிப்பின் வழியாகவும் அது உட்புகும். ஆகவே, பை முழுவதையும் மூடும் மழையுறை உடனிருத்தல் இன்றியமையாதது. மழையினும் மறைவாகத் தீமை செய்வது ஈரக்காற்று. நனைந்த பையிலேயே நாட்கணக்கில் அடைபட்ட வில்லையில் பூசணம் படரும். அது வில்லையின் பூச்சை அரித்துவிட்டால், துடைத்தாலும் பழைய தெளிவு மீளாது. வீடு திரும்பியதும் கருவிகளை வெளியே எடுத்துத் துடைத்து, பையைத் திறந்து உலர்த்துதல் வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய பெட்டியில் வில்லைகளை வைப்பது நல்ல பாதுகாப்பாகும்.

விமானத்திற் செல்வோர்க்கு இன்னும் சில வரம்புகள் உண்டு. நம் நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்பினர் கையிற் கொண்டுசெல்லும் பைக்குப் பொதுவாக 7 கிலோவே எல்லை. உதிரியாகக் கொண்டுசெல்லும் லித்தியம் மின்கலங்களைச் சரக்கறையில் ஏற்றும் பெட்டியில் வைத்தலும் ஆகாது; அவை தீப்பற்றக் கூடியவை ஆதலால், பயணியுடனேயே இருத்தல் வேண்டும். ஆகவே, அளவிற் சிறியதும் எடையிற் குறைந்ததுமான பையே பயணத்திற்கு உகந்தது.

பையைத் தேர்பவர் முதலில் எண்ணவேண்டியது பையை அன்று, செல்லவிருக்கும் வழியை. நீலகிரியின் உயர்ந்த புல்வெளிகளில் வரையாட்டைப் படம் எடுக்கச் செல்பவருக்கு நெடுவில்லையும், குளிர்க்கு உடையும், இடுப்பில் தங்கும் உறுதியான பையும் வேண்டும். கோயில் நகரமொன்றின் வீதிகளைப் படம் எடுப்பவருக்கோ, ஒரு கருவியும் ஒரு வில்லையும் அடங்கும் சிறுபையே போதும். வழியை எண்ணி, எடுக்கவிருக்கும் படத்தை எண்ணி, அதற்கு வேண்டிய கருவிகளை மட்டும் தேர்ந்து, இறுதியில் அவை அடங்கும் பையை நாடுவதே முறை. இம்முறையை மாற்றிப் பெரிய பையை முதலில் வாங்குவோர், அதிலுள்ள வெற்றிடத்தை நிரப்புவதற்காகவே வேண்டாதனவற்றையும் சுமப்பர். உச்சியை அடையுமுன்னே களைத்து அமர்ந்தவருக்கு, அவர் சுமந்த விலையுயர்ந்த வில்லைகள் என்ன பயன் தரும்?

கருவிகளின் மிகுதி கலைஞனை உருவாக்குவதில்லை. வேண்டியதை அறிதலும், வேண்டாததை விடுத்தலும், விடுத்தபின் வருந்தாது முன்னேறுதலும் கலைக்கு உறுதுணையாவன. இலேசான சுமையோடு நடப்பவரே நெடுந்தொலைவு செல்வர். காட்சி தோன்றும் வேளையில் நடுங்காத கையோடும் தெளிந்த கண்ணோடும் நிற்பர். அவர்க்கே இயற்கை தன் எழிலைக் காட்டும்.